விருத்தாசலத்துப் பீங்கான் குச்சியும் மஸ்கட் மழையும்

போன டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை விருத்தாசலம் போயிருந்தேன். கோயிலுக்கா என்றார்கள் வீட்டில். இல்லை என்றேன். பீங்கான் வாங்கவா என்றார்கள். ஒரு பெண்மணியின் மொட்டை மாடியில் இருக்கும் மழைமானியைப் பார்க்க என்றதும் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. என் பயணங்களின் லட்சணம் அவர்களுக்குப் பழகிவிட்டது.

திருச்சியில் ஒரு கல்லூரியின் புவியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டு மாடியில் மழை அளக்கும் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். தினமும் காலை எட்டரைக்கு அவரவர் ஊர் மழையை மில்லிமீட்டரில் போடுவோம். அது என்ன எட்டரை, எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ போடக்கூடாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கிரீன்விச் நேரப்படி அப்போது விடியற்காலை மூன்று மணி. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் வானிலை நிலையமும் இப்படிக் குறித்து வைத்த நேரங்களில்தான் அளந்து அனுப்பும். எல்லோரும் ஒரே கணத்தில் பார்த்தால்தானே ஒரே படமாகச் சேரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கும் நாடுகள்கூட வானிலையை மட்டும் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் ஒளிப்பதில்லை. வங்கக்கடல் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போடும் கணினி ஐரோப்பாவில் இருக்கலாம். ஆனால் காரைக்காலில் பறக்கவிடும் பலூனும், இலங்கையில் அளந்த காற்றும், நடுக்கடலில் போகும் சரக்குக் கப்பல் அனுப்பும் அழுத்தமும் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு வேலையே ஓடும். பக்கத்து வீட்டு வானத்தைப் பார்க்காமல் நம் வீட்டு மழையைச் சொல்ல முடியாது என்பதை எல்லா அரசாங்கங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வேறு எதில் இப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் மாடி மழைகளுக்கு அந்தப் பெரிய ஏற்பாட்டில் நேரடி இடம் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் அளந்ததைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூன்று ஆண்டு வடகிழக்குப் பருவமழை அளவுகளை அதற்கு அனுப்பத் தயாராகியிருந்தோம். அங்கேதான் விருத்தாசலம் உதைத்தது.

அந்த ஊருக்கு அளப்பவர் வளர்மதி. ஜாடியும் அகல் விளக்கும் செய்யும் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். சுற்றுப்பக்கத்தில் கம்மாபுரத்திலும் கருவேப்பிலங்குறிச்சியிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருநாள் இங்கே அதிகம், ஒருநாள் அங்கே அதிகம் என்றால் அது மழையின் குணம். ஆனால் ஒவ்வொரு பருவத்தையும் கூட்டிப் பார்த்தால் வளர்மதியின் மழை எப்போதும் எல்லோரையும்விடக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. குழுவை நடத்தும் கணேசன் கடலூர்க்காரர், கறார் பேர்வழி. “ஞாயித்துக்கெழம சாயங்காலம் அனுப்புறோம். அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா விருத்தாசலத்த எடுத்துருவோம்” என்று சொல்லிவிட்டார். இதை வளர்மதிக்குத் தெரிவிக்கும் நல்ல வேலை எனக்கு வாய்த்தது. போன் போட்டுச் சொன்னேன். “வந்து பாத்துட்டு எடுங்கக்கா” என்றார். அதற்குமேல் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது?

திருச்சியிலிருந்து விருத்தாசலம் ரயிலில் ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். காலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அரியலூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகள் வர ஆரம்பிக்கும். ரயிலில் விற்ற டீயைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. விருத்தாசலத்தில் இறங்கி ஸ்டேஷன் வாசலில் குடியுங்கள், போதும்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் பட்டறைப் பகுதிக்குப் போகவேண்டும் என்றேன்.

“செராமிக்காம்மா? யாரு வூட்டுக்கு?”

வளர்மதி பெயரைச் சொன்னேன்.

“மழைக்கார அக்காவா? ஏறுங்க. எம்பது ரூவா குடுங்க போதும்.” வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: “மழை பேஞ்ச மறுநாளு டீக்கடைல நாங்க பந்தயம் கட்டுவோம். அந்த அக்காதான் தீர்ப்பு சொல்லும்.”

நாளைக்கு அந்தத் தீர்ப்பே செல்லாது என்று ஆகலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பட்டறை வாசலில் பலகை பலகையாகப் பச்சை விளக்குகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சூளை ஏறாத மண்ணைத்தான் இங்கே பச்சை என்கிறார்கள். வளர்மதிக்கு நாற்பது வயதிருக்கும். கையில் காய்ந்த மண், நெற்றியிலும் ஒரு கீற்று மண். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், ஆனால் முகம் மட்டும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரின் முகமாக இருந்தது.

எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன்.

“போனுல மழைன்னு போடுவான். காயப்போட்ட பச்சைய எல்லாம் ஓடி ஓடி உள்ள எடுப்போம். ஒரு சொட்டு வுழாது. இன்னொரு நாளு வெயிலுன்னு போடுவான், அன்னைக்குக் கொட்டித் தீத்துரும். அத்தன வெளக்கும் கரைஞ்சு சேறாயிடும். உங்க தெருவுல மழை பேஞ்சதே அந்தப் போனுக்குத் தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. யாராச்சும் சொன்னாத்தான தெரியும்? அதான் நான் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன்.”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் அளந்து அனுப்புவதால் நாளைக்கே அவர் போன் திருந்திவிடாது. ஆனால் போனில் சொன்ன மழையையும் பெய்த மழையையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஒருவருக்கு, எங்கோ ஒரு நாட்டில், அந்தத் தெருவின் மழை ஒருநாள் தேவைப்படும். இதை வளர்மதியிடமும் சொன்னேன். “தெரியும்க்கா. போய்ச் சேந்தாப் போதும்” என்றார்.

மாடிக்குப் போனோம். கடையில் விற்கும் மழைமானியை இவர் வாங்கவில்லை. வாங்குவாரா? ஊரே பீங்கான். தானே செய்திருக்கிறார். நேரான சுவரோடு ஒரு முழ உயரத்தில் வெள்ளை உருளை, உள்ளும் புறமும் பளபளவென்று மெருகு. அதோடு மெருகு பூசாத மெல்லிய பீங்கான் குச்சி ஒன்று, மில்லிமீட்டர் கோடுகள் கீறியது. குச்சியை உருளைக்குள் நிறுத்தி எடுத்தால் நனைந்த இடம் கறுத்துத் தெரியும். கோட்டைப் படித்துவிடலாம். எனக்குப் பொறாமையாகவே இருந்தது, அவ்வளவு நேர்த்தி.

மரம் எதுவும் பக்கத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டி எட்ட இருந்தது. தெறிக்க வழியில்லை. உருளை சாயவில்லை. வாய் வட்டத்தை அளந்தேன், எந்தப் பக்கம் வைத்தாலும் சரியாக எட்டு அங்குலம். குற்றம் கண்டுபிடிக்க வந்த மாமியாரைப் போல எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் நின்றேன்.

“இதே மாதிரி வேற செஞ்சீங்களா?”

“ஒண்ணு செஞ்சேன். மங்கலம்பேட்டை இஸ்மாயில் தம்பி எடுத்துட்டுப் போச்சு.”

இஸ்மாயிலைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மங்கலம்பேட்டையில் அவர் குடும்பத்துக் கடைக்கு வளர்மதியிடமிருந்துதான் ஜாடி போகிறது. அவர் வேலை பார்ப்பது மஸ்கட்டில். நமக்கு எட்டரை ஆகும்போது அங்கே ஏழு மணி. வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ‘மஸ்கட் 0’ என்று போடுவார். குழுவில் சேர்ந்து ஆறு மாதம், அன்றிலிருந்து பூஜ்யம்தான். குழுவில் அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. கணேசன் மட்டும் கிண்டல் செய்யமாட்டார். மழை இல்லை என்பதும் ஒரு சேதிதான் என்பார்.

பன்னிரண்டு மணிக்கு மெஸ்ஸில் சாப்பாடு, தொண்ணூறு ரூபாய். ரசம் அபாரம். வளர்மதி சரியாகச் சாப்பிடவில்லை. “எடுத்துருவாங்களாக்கா?” என்று ஒருமுறை கேட்டார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு வந்ததும் நேரத்தைக் கடத்துவதற்காகப் பட்டறையைச் சுற்றிக்காட்டச் சொன்னேன். பிளாஸ்டர் அச்சுக்குள் குழம்பு மாதிரி மண்ணை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரில் படிந்து ஜாடியாகிவிடுகிறது. அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த ஜாடி ஒன்று இருந்தது. அலமாரியில் வெந்த ஜாடி ஒன்று. இரண்டும் ஒரே அச்சு என்றார். ஆனால் பச்சை ஜாடி பெரிதாக இருந்தது.

“வெந்தா சுருங்கும்க்கா. அச்சு செய்யும்போதே அதுக்குச் சேத்துத்தான் செய்வாங்க. அதனால பச்ச மண்ண இங்க யாரும் அளக்கவே மாட்டோம். அளந்து என்ன பிரயோசனம்? வெந்தப்புறந்தான கணக்கு. நானே இத்தன வருசத்துல பச்சைய அளந்தது…”

நிறுத்திவிட்டார்.

“ஒரே ஒரு தடவதான் அளந்தேன்” என்றார் மெதுவாக. “குச்சிக்கு.”

உருளைக்கு அச்சு உண்டு, சுருக்கத்துக்குச் சேர்த்துச் செய்த அச்சு. குச்சிக்கு அச்சு கிடையாது. ஈர மண்ணைத் தட்டிப் பட்டையாக்கி, ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கோடு கீறியிருக்கிறார். பிறகு சூளையில் குச்சியோடு சேர்ந்து கோடுகளும் சுருங்கிவிட்டன. மேலே ஓடிப்போய்க் குச்சியை எடுத்துவந்து அதே ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். குச்சியில் நூறு என்று கீறிய கோடு, ஸ்கேலில் தொண்ணூற்றிரண்டில் நின்றது.

வளர்மதி கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். “சுருங்கும்னு ஊருக்கே சொல்றவ நானு. எல்லாம் தப்பாப் போச்சே” என்றவர் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தார். முறிக்கப் போகிறார் என்று புரிந்து பிடுங்கிக்கொண்டேன்.

“இத ஒடச்சா எல்லாம் போச்சு. இதான் சாட்சி. மூணு வருசமும் இதே குச்சிதான?”

“இதேதான்.”

“அப்ப எல்லா நாளும் ஒரே அளவுதான் தப்பு. நூறுன்னா தொண்ணூத்திரண்டு. அம்பதுன்னா நாப்பத்தாறு. புள்ளி ஒம்போது ரெண்டால பெருக்கிட்டாப் போதும், ஒரு நாள்கூட வீணாப் போகாது.”

அவர் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். கொட்டித் தீர்த்த ஒரு நவம்பர் நாளைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ மழை கொறஞ்சு போச்சேக்கா” என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். மழை பெய்தபடிதான் பெய்தது, குச்சிதான் கூட்டிச் சொல்லிவிட்டது என்று தேற்றினேன். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். கெட்டுப்போன அளவு என்று நினைத்ததற்குத் திருத்தமும் அதன் உள்ளேயே இருப்பது எப்போதாவதுதான் வாய்க்கும்.

கணேசனுக்குப் போன் போட்டேன். ஒரே குச்சிதானா, ஒரே ஸ்கேலா, போட்டோ இருக்கா என்று குறுக்கு விசாரணை நடந்தது. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். பெருக்கிப் பார்த்தால் விருத்தாசலம் மற்ற ஊர்களோடு ஒத்துப்போகிறதாம். “திருத்துனத அனுப்புவோம். என்ன தப்பு, எப்படித் திருத்துனோம்னும் கூடவே எழுதிருவோம். அந்தம்மாவ நிறுத்தாம அளக்கச் சொல்லு.” போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது கன்னத்திலும் மண்.

உடனே இஸ்மாயிலுக்கும் தகவல் போனது, அவர் குச்சியும் அதே நாள் அதே சூளைதானே. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. “பூஜ்யத்த எதால பெருக்குனாலும் பூஜ்யம்தானக்கா. எங் கணக்கு சுத்தமா இருக்குது.”

திரும்பும் ரயில் மாலையில். “போயிட்டு வாங்கக்கா, அடுத்த மழைக்கு வாங்க” என்று ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிட்டார். கிளம்பும் முன் பட்டறையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கியிருந்தேன். பணம் வேண்டாம் என்றவரிடம் சண்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பட்டறைகளைப் பார்க்க வார நாளே நல்லது, ஞாயிற்றுக்கிழமை பல இடங்கள் மூடியிருக்கும். காயப்போட்ட விளக்குகளைத் தொடாதீர்கள், விரல் தடம் அப்படியே வெந்துவிடும். கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. கோயிலையும் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள், நடை மத்தியானம் சாத்திவிடும். முந்திரி வாங்க மறக்காதீர்கள், நான் மறந்துவிட்டு இன்னும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் மழை அளக்க ஆசை வந்தால், வாயகன்ற நேரான பாத்திரமும் நல்ல ஸ்கேலும் போதும். தவறாக அளந்தாலும் பரவாயில்லை, எதை வைத்து அளந்தீர்களோ அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதை எழுதி முடித்து வைத்திருந்த நேரம், ஜனவரியில் ஒருநாள் காலை எட்டரைக்குக் குழுவில் ஒரு படம் வந்தது. பீங்கான் குச்சி, அடிப்பக்கம் கறுத்து நனைந்திருந்தது. கூடவே இஸ்மாயிலின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்க:

“அக்கா, நேத்து ராத்திரி எங்க ஊர்ல மழை. குச்சில பத்து காட்டுது. இப்ப நானும் பெருக்கணுமா?”

எங்க ஊர் என்று அவர் சொன்னது மஸ்கட்டை. யாரும் கிண்டல் செய்வதற்கு முன்னால் வளர்மதியின் பதில் வந்துவிட்டது:

“பெருக்கிப் போடு தம்பி. ஒம்போது புள்ளி ரெண்டு. ஒன் மழையும் போய்ச் சேரட்டும்.”