சந்தனம் வைத்த அட்டை

வாழையிலையில் அவலும் கடலையும். நடுவே கையகலத்தில் பச்சை நிற மின்அட்டை ஒன்று. அதன்மேல் நான் வைத்த சந்தனப் பொட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் கீரிமலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கொம்பியூட்டர் இயக்கும் வேலை எனக்கு. வாணி விழாவுக்கு ஒவ்வொரு பகுதியும் தன் கருவிகளைக் கொண்டுவந்து படைத்தது. அலுமாரி போன்ற கொம்பியூட்டரை நான் எப்படித் தூக்குவது? அதற்குள் பழுதாகிக் கிடந்த அட்டையைக் கழற்றி வந்து வைத்தேன். கொம்பியூட்டரைப் பராமரிக்கும் இஞ்சினியர் அண்ணை செய்வதைப் பார்த்திருந்ததால், அது இருந்த இடத்தில், வரிசை அறுந்துவிடாமல், ஒரு வெற்று அட்டையைச் செருகவும் மறக்கவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இஞ்சினியர் அண்ணை அப்போது லீவில் அச்சுவேலியில் இருந்தார். எழுபத்தேழு இனக்கலவரத்தில் கொழும்பில் வீடு எரிய, மனைவி பிள்ளையோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர். இந்த இயந்திரம் இங்கே இருந்ததால்தான் கொழும்புத் தலைமைக் கந்தோர் அவருக்கு இங்கே வேலை கொடுத்திருந்தது. “இது ஓடுமட்டும் என்னை ஒருத்தரும் கொழும்புக்குத் திருப்பி அனுப்பேலாது, தங்கச்சி” என்று அதைத் துடைத்தபடி சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அது பகிடியில்லை என்று எனக்குத் தெரியும்.

பூசை முடிந்ததும், பழுதானதுதானே என்று அட்டையை என் மேசைக்குள் வைத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டேன். தொழிற்சாலையின் தரவெல்லாம் இருந்த டிஸ்க் ‘இல்லை’ என்று திரையில் வந்தது. லீவை விட்டு ஓடிவந்த அண்ணை வயரை மாற்றினார், டிஸ்க்கைக் கழற்றிப் பூட்டினார். மூன்று நாள் சாப்பாடும் இறங்கவில்லை அவருக்கு. மனேஜர் வந்து, “கேளாமல் உதிலை கை வைச்ச ஆள் ஆரெண்டாலும் வீட்டை போகலாம்” என்று கத்திவிட்டுப் போனார். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில்தான் கிடந்தது.

மூன்றாம் நாள் அண்ணை தடித்த கையேட்டை எனக்கு முன்னால் வைத்தார். “நீர் உந்தப் பாதியைப் பாரும், நான் இந்தப் பாதியைப் பாக்கிறன்.” என் பாதியில்தான் அது இருந்தது. கேர்னல் என்ற மையநிரல் எழும்பும்போது, என்னென்ன அட்டைகள் இருக்கின்றன என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. வரிசைப்படி ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முன்னால் ஒன்று இல்லையென்றால், பின்னால் இருப்பவை ஒவ்வோர் இடம் முன்னே வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு அங்கேதான் தேடும். அவையோ சின்னச் சுவிச்சுகளில் வைத்த பழைய முகவரியிலேயே இருக்கும். நான் கழற்றிய அட்டை வேலைக்கு உதவாதது, ஆனால் தட்டினால் பதில் சொல்லும். வெற்று அட்டைக்கு வாயே இல்லை. டிஸ்க்கின் அட்டை அதற்குப் பின்னால்தான் இருந்தது. டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தேடிய இடம்தான் பிழை.

“ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார். “இல்லை அண்ணை” என்றேன். காலையில் வேளைக்கே வந்து அட்டையைச் சத்தமில்லாமல் செருகிவிடலாம் என்று நினைத்தேன். என் கெட்டகாலம், அன்று பின்னேரமே கொழும்பிலிருந்து பெரிய இஞ்சினியர் வந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் பார்த்தார். டிஸ்க் இணைப்பு பழுது, இங்கே வைத்துப் பராமரிக்க வழியில்லை என்று எழுதினார். அப்போதும் நான் வாய் திறந்திருக்கலாம். அண்ணை கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். எல்லோரையும்தான் பார்த்தார். நான் குனிந்து கையேட்டை மூடினேன்.

இயந்திரம் லொறியில் போனது. ஒரு கிழமையில் அண்ணையும் கொழும்புக்குப் போனார், குடும்பத்தை அச்சுவேலியில் விட்டுவிட்டு. என் கடிதம் வந்தது. வேறு பகுதியில் இருத்தினார்கள். கோழைத்தனத்துக்குக் கிடைத்த கதிரை அது. போரில் தொழிற்சாலை மூடும்வரை எட்டு வருடம் அதில் இருந்தேன்.

அடுத்த வருடம், எண்பத்திமூன்று ஆடியில், கொழும்பில் தமிழருக்கு நடந்ததை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. மறுபடியும் கப்பல்கள் வந்தன. அவருடைய மனைவி ஒவ்வொரு கப்பலுக்கும் துறைக்குப் போய் நின்றார். ஒன்றிலும் அண்ணை வரவில்லை.

கந்தோருக்கு ஏதும் தகவல் வந்ததா என்று கேட்க, ஆவணியில் ஒருநாள் அண்ணையின் மனைவி பிள்ளையோடு பஸ்ஸில் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “தங்கச்சி, அந்த மெசின் பழுதாகாமல் இருந்திருந்தா இவர் இங்கைதானே நிண்டிருப்பார்?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா” என்றேன்.