ராண்டியின் முகத்தோடு டுலூத்துக்கு

வெர்னனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் கையைச் சும்மா வைத்து நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் கடையில் பெயிண்ட் கலக்குவார். வீட்டுக்கு வந்தால் எதையாவது வெட்டி ஒட்டுவார். இந்தத் தடவை அகப்பட்டது கார்.

நவம்பரில் தேர்தல் முடிந்ததும் எங்கள் ஊர்ப் புல்தரைகளில் நட்ட, வேட்பாளர் படம் போட்ட பிளாஸ்டிக் பலகைகள் அனாதையாக நிற்கும். ஷெரீப் என்கிற போலீஸ் தலைவர் பதவிக்கு நின்று மண்ணைக் கவ்விய ராண்டி ஸ்டென்சனின் பலகைகளை வெர்னன் அள்ளிக்கொண்டு வந்தார். காரின் மூக்கிலிருந்த காற்றுத் துளைகளை அடைத்தார். பின்சக்கரங்களை மூடினார். அடியில் படுத்து வயிற்றையும் மூடினார். காற்று தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகுமாம், பெட்ரோல் மிச்சமாகுமாம். முன்னால் ராண்டி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு நீங்க ஓட்டுகூடப் போடலையே," என்றேன்.

"ஜெயிச்சவன் பலகையை அவனவன் பத்திரமா எடுத்து வச்சிட்டான், ஆர்டிஸ். இதுதான் கிடைச்சுது."

எனக்கு மானம் போயிற்று. "இதைக் கழட்டுற வரைக்கும் உங்க கார்ல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். குளிர்காலத்தில் என் கால்விரல்கள் வெளுத்து மரத்துவிடும். எந்தக் காரிலும் போர்வைக்குள் சுருண்டுதான் பயணம். அது பக்கத்து வீட்டு கிளாடிஸின் காரிலேயே ஆகட்டும் என்று அவளோடு தேவாலயத்துக்குப் போனேன். வெர்னன் பின்னாலேயே தனியாக வருவார். கிளாடிஸ் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, "ராண்டி இன்னும் உன்கிட்ட ஓட்டுக் கேட்டுக்கிட்டு வர்றான்டி" என்பாள். எரிச்சலாக வரும். அவர் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

ஜனவரியில் டுலூத் நகரத்தில் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். அன்று காலைக் குளிரில் கிளாடிஸின் கார் முனகிவிட்டு அடங்கிப்போனது. வெர்னன் தன் கார்க் கதவைத் திறந்து வைத்தார். வேறு வழி? வீம்பை விழுங்கிக்கொண்டு, போர்வையோடு ஏறினேன்.

ஊர் எல்லை தாண்டவில்லை, காலடியில் கதகதவென்று சூடு. போர்வையைத் தள்ளினேன். பூட்ஸைக் கழற்றினேன். விரல்கள் சிவப்பாக இருந்தன.

"எஞ்சின் சூடு வெளியே ஓடிப்போகல. உள்ள வருது," என்றார், சாலையைப் பார்த்தபடியே.

"பெட்ரோல் மிச்சம்னுதானே சொன்னீங்க?"

"அதுவும் மிச்சந்தான்."

தேவாலய வாசலில் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, கார் மூஞ்சியில இது யாரு?"

"எங்க ஷெரீப்," என்றேன்.

"தோத்தவன்னு போன்ல புலம்புனியே, அவன்தானே இது?"

"ஊர்ல தோத்தான். எங்க வீட்டுல ஜெயிச்சுட்டான்."