பனிநாட்டு ராஜாவும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

நான் எழுதி அச்சான ஒரே கதையில் ஒரு ராஜா வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே குடிமக்கள் "ஆமாம்" சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டில் இருப்பது அந்த ஒரு சட்டம்தான். ராஜா யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று படாத பாடு பட்டேன். நாட்டைக் கடலுக்கு அப்பால் தள்ளினேன், அரண்மனை மேல் பனி பெய்ய வைத்தேன். காஞ்சிபுரத்து வெயிலில் விசிறிக்கொண்டே பனியை எழுதுவது லேசான வேலை இல்லை.

உண்மையில் அவர் எங்கள் நெசவாளர் சங்கத்தின் தலைவர். பல வருடங்களாகத் தேர்தல் கிடையாது. பொதுக்குழுவில் தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் கை தட்டிவிடுவார்கள். சேலைக்கான நீள இழைகளுக்குப் பாவு என்று பெயர். அதைச் சங்கம் கொடுத்தால்தான் தறி ஓடும். அது யாருக்குப் போகும் என்பது தலைவர் இஷ்டம். அந்தச் சமயத்தில் "தேர்தல் நடத்துங்கள்" என்று சென்னையில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருந்தது. எழுதியது யாரென்று தலைவரின் ஆட்கள் தெருத் தெருவாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதியது என் பக்கத்து வீட்டு அண்ணன். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். ராஜாவுக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதும் நெசவாளியாக அவரையும் கதையில் சேர்த்தேன். தறியில் முடிந்துபோன பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை, சாம்பல் தொட்ட விரலால் ஒவ்வொன்றாக அவர் முறுக்கிப் பிணைக்கும் அழகை அப்படியே எழுதினேன். எங்கள் தெருவில் எல்லோரும் இடது ஓரத்தில் தொடங்குவார்கள். இடது கண் மங்கலான அவர் மட்டும் வலது ஓரத்தில் தொடங்குவார். அந்த வரியை எழுதிவிட்டு எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்த வாரம் தலைவர் நான்கு பேரோடு என் வீட்டுக்கு வந்தார். ராஜா யாரென்று கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ சிரித்தபடி பொன்னாடை போர்த்தினார்.

"கதை நல்லா இருக்குதுபா. அந்த ராஜா சரியான அநியாயக்காரன்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வலதுலேர்ந்து பொணைக்கிறான்னு எழுதிக்கீறியே, அது எப்டிபா தோணுச்சு?"

தப்பித்தோம் என்ற நிம்மதி, கூடவே பாராட்டின் போதை. "கண்ணால பாத்ததுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். கூட வந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நால்வரும் தறியில் உட்கார்ந்தவர்கள். பனியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் படியிறங்கும்போதுதான் யாரைக் காட்டிக்கொடுத்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அண்ணனுக்கு அடுத்த பாவு வரவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. சங்கத்தில் போய்க் கேட்டால் "வரும், வரும்" என்றார்கள். தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்க, அவர் வீடு மட்டும் அமைதியாகக் கிடந்தது. எதிரில் வருகிறவர்கள் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். நானும் இரண்டு வாரம் பின்சந்து வழியாகத்தான் ஏனாத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு காலையில் அவரே என் வாசலுக்கு வந்தார். கையில் பத்திரிகை.

"படிச்சிட்டேன்பா" என்றார். குரலில் கோபமே இல்லை. "ராஜாவ யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு எவ்ளோ வேல செஞ்சிக்கீற. எனக்கும் கொஞ்சம் செஞ்சிருக்கலாமே."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதிர்வீட்டு வாசலில் தலைவரின் ஆள் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அண்ணனை உள்ளே கூப்பிடவில்லை.