வுச்சீரியாவில் ஓர் அயர்லாந்து

போன கிழமை மீன் வாங்க, இத்தாலியில் நான் இருக்கும் நகரத்தின் பழைய சந்தையான வுச்சீரியாவுக்குப் போனேன். ஒழுங்கை முனையில் ஒரு கடையின் பலகைத் தரையைப் பெயர்த்து வெளியே குவித்திருந்தார்கள். பியர் ஊறிப்போன பழைய மரத்தின் புளிச்ச வாசம். மூக்கு உடனே கண்டுபிடித்துவிட்டது, எனக்குத்தான் கொஞ்சம் நேரமெடுத்தது. அது எங்கள் ஐரிஷ் பப்.

எங்கள் என்று உரிமையோடுதான் சொல்கிறேன். அதன் அடுக்களையில் பல வருடம் வெந்தவன் நான்.

முதலாளி சல்வோ அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. “மழை எனக்கு ஒத்துவராது” என்பார். ஆனாலும் சுவரெல்லாம் பச்சை. அயர்லாந்து ஆட்டிறைச்சிக் குழம்பை வைத்தவனோ யாழ்ப்பாணத்தான். கை சும்மா இருக்குமா, வறுத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் போட்டுவிடுவேன். அதைச் சாப்பிட்டு ஓர் அசல் ஐரிஷ்காரர் கண்ணீர் விட்டபோது, ஊர் நினைவில் அழுகிறார் என்று சல்வோ மற்ற மேசைகளுக்கு விளக்கம் சொன்னார்.

இசை மட்டும் பொய்யில்லை. வயலினும் குழலும் மேளமுமாக உள்ளூர்க்காரர் வாசித்தால், உள்ளே இடமில்லாத சனம் ஒழுங்கையில் நின்று கேட்கும்.

பாத்திரம் கழுவியவர் ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரி. சந்தைக்குப் பக்கத்து அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்தார். ஞாயிறு பூசையில் பாடுகிறவர், உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அதே மாதா பாட்டுத்தான். ஒரு மார்ச் மாதம், ஐரிஷ்காரரின் பெருநாளன்று, மேடைப் பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. தலையில் கைவைத்தபடி அடுக்களைக்கு வந்த சல்வோ, அக்கா பாடுவதைக் கேட்டார். ஈரக் கையோடு கூட்டிப்போய் மேடையில் விட்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வயலின்காரர் மெல்லப் பின்தொடர்ந்தார். சனம் கிளாசைக் கீழே வைத்தது. நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். பாட்டு முடிந்ததும் சல்வோ மைக்கை வாங்கி, “இது அயர்லாந்தின் ஆதி மொழி” என்றார். முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர், எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

அடுத்த கிழமையும் பாடச் சொன்னார் சல்வோ. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று. அக்காவின் முகத்தைப் பார்த்தால் சனம் ஐரிஷ் என்று நம்பாதாம்.

“தம்பி, இவன் என்ன சொல்லுறான்?” என்றார் அக்கா. இத்தாலியன் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என் வாயால் வரட்டும் என்று கேட்டார்.

“ஒளிச்சு நிண்டு பாடட்டாம், அக்கா.”

“மாதாவுக்குப் பாடுற பாட்டை ஒளிச்சு நிண்டு பாடுறதோ? முதல் அந்த வயலின்காரரை ஒளிக்கச் சொல்லு. அவரும் ஐரிஷ் இல்லை.”

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். எனக்கு அதில் எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சல்வோவின் முகம் சிவந்தது. வயலின்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா திரைக்குப் பின்னால் என்றால் தானும் வாசிக்கப் போவதில்லை என்றார். சல்வோவுக்கு வேறு வழியில்லை.

அன்று அக்கா மேடையேறி, “என்ர ஊர் மன்னார். இது தமிழ்ப் பாட்டு” என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுப் பாடினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணாடிக்காரர் மட்டும் சல்வோவைத் தனியே அழைத்து, போன கிழமை பாடிய அயர்லாந்துப் பாட்டுத்தான் உயர்ந்தது என்றார். இரண்டும் ஒரே பாட்டு.

பிறகு கட்டடச் சொந்தக்காரர் உல்லாசப் பயணிகளுக்கு அறை கட்டவென்று இடத்தைத் திருப்பி வாங்கினார். சல்வோ வியாபாரத்தை விட்டார். வயலின்காரர் வடக்கே போனார். அக்கா மகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போன கிழமை வாங்கிய மீனை வீட்டில் வைத்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, பப்பை உடைக்கினம்.”

“இஞ்சை எங்கட ரோட்டிலையும் ஒண்டு கிடக்கு. அசல் ஐரிஷ்காரன்ர. ஒருநாள் போய்ப் பாத்தனான்” என்றார்.

“பாட்டு நடக்கிறதோ?”

“எங்கத்தைப் பாட்டு? எல்லாரும் டிவியிலை பந்தடி பாக்கினம், தம்பி.”