நாற்பது குடம் தண்ணீர்

அந்தக் கட்டடத்துக்குப் போன முதல் நாள் மூன்று பட்டியல் எழுதினேன்: வெயில் இறங்கும் இடங்கள், காற்று அடைபட்ட இடங்கள், தண்ணீர் கசியும் இடங்கள். சிவில் டிப்ளமா முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் பிடிபடாது.

பசுமலைக்குப் போகும் சாலையில் இருந்த, துரைமார் காலத்துப் பங்களா அது. ஒரு கூட்டுறவு நிறுவனம் அதில் அலுவலகம் நடத்தியது. இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட மொட்டைமாடி. எண்பதுகளின் தொடக்கம், மின்வெட்டுக் காலம். மின்விசிறி நின்ற நேரங்களில் நடுக்கூடம் வெந்தது. ஒரு காண்டிராக்டர் உத்தரங்களுக்குக் கீழே பிளைவுட் கூரை அடித்து, சுவரை உடைத்து நான்கு ஏர்கூலரும் ஒரு ஜெனரேட்டரும் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உடைக்காமலே சூட்டைக் குறைக்க வழி உண்டா என்று பார்க்க, நான் வேலை பார்த்த இடத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் தினமும் பிற்பகல் மொட்டைமாடியில் நாற்பது குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். மற்ற மாதங்களில் அதே ஆள் கூட்டிப் பெருக்க வேண்டும். அந்த ஆள் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அவள் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நடவுக்குக் கூப்பிடுவார்களா என்று விடியற்காலையில் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லாமல் போனது என்று முதல் நாளே சொன்னாள். திரும்பவும் அப்படி நிற்பதற்குச் செத்துப்போகலாம் என்றும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள்தான். மாடிக் காரை வெடிப்பில் அரசங்கன்று முளைத்த இடத்தையும், ஊற்றிய தண்ணீர் எந்த உத்தரத்தின் முனையில் சொட்டுகிறது என்பதையும் காட்டினாள். அந்த முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஈரக் கருப்பட்டியில் இறங்குவது போல இறங்கியது. நாற்பது குடமும் கட்டடத்தைக் குளிர்வித்ததைவிட அதிகமாக அழுகவைத்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள், தாழ்வாரத்துக் கூரையில் நின்றுகொண்டிருந்தோம். அங்கிருந்து கையெட்டும் உயரத்தில், கூடத்தின் எட்டு வெண்டிலேட்டர்கள் வரிசையாக இருந்தன. உள்ளே கயிறு இற்றுப்போய், வருடக்கணக்காக மூடியே கிடந்தவை.

"ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன தாயி," என்றாள். "போன மாசம் கை பிசகிப்போச்சு. மூணு நாளு ஒரு சொட்டு ஊத்தல. பயந்துபோயி, சாயங்காலம் போறப்ப இதுக எட்டையும் தள்ளித் தெறந்துவிட்டேன். காலையில வெயிலுக்கு முன்னாடி வந்து மூடிப்புட்டேன். ஒருத்தருக்கும் தெரியலயே! மேனேஜரய்யா, இன்னைக்கு நல்லா ஊத்தியிருக்கன்னாரு."

இருவரும் சிரித்தோம்.

மறுநாள் கூட்டம். காண்டிராக்டரும் வருகிறார். இராக்காற்றை உள்ளே விட்டுப் பகல் வெயிலை வெளியே நிறுத்தினால் போதும் என்பது என் கணக்கு. ஆனால் கையில் அளவு இல்லை. இன்னும் மூன்று நாள் கேட்டு வாங்கி, நானே திறந்து மூடி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்கள். மேனேஜர் தன் உடம்பால் உணர்ந்து தன் வாயால் சொன்னதை யார் மறுக்க முடியும்? அவள் தண்ணீர் ஊற்றாத அந்த மூன்று நாளையும் சேர்த்து, அதை என் அறிக்கையில் ஏழாவது குறிப்பாக எழுதினேன்.

ஏழாவதை மேனேஜர் உரக்கப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏத்தா, நீ ஊத்துன தண்ணியிலதான் குளுகுளுன்னு ஒக்காந்திருந்தேன்னு நெனச்சேன். வெறுங்காத்தத்தான் கொடத்துல மொண்டு ஊத்துனியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். காண்டிராக்டர்கூடச் சிரித்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேசைக்கு அருகில் வந்து, "எந்த எடத்துல எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

என் திட்டம் ஏற்கப்பட்டது. சுவர் தப்பியது, உத்தரங்கள் தப்பின. நான் எழுதிய ஒன்பதாவது குறிப்பு: தண்ணீர் ஊற்றும் பெண், ஒருவர், தேவையில்லை. அன்று மாலையே அவளை நிறுத்தினார்கள்.

மாடியைக் கொத்திவிட்டுப் புதுக் காரை போட்டோம். காரையை இறுக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்ச் சாறு தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். கொத்தனார் கூட்டிவந்த வரிசையில் அவளும் இருந்தாள். காலையில் கொத்தனார் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கிய வேலை. கிளார்க்குகள் வேடிக்கை பார்க்க மேலே வந்தார்கள். "என்னத்தா, ஒன் வேலைக்கு நீயே சமாதி கட்டுறியா?" என்றார் ஒருவர். அவள் கட்டையை நிறுத்தவில்லை.

அடித்து முடிந்த கடைசி நாள் என்னிடம் வந்தாள்.

"தெனம் தெறந்து மூட ஆளு வேணும்ல தாயி. அந்த வேலையாச்சும் குடுக்கச் சொல்லுங்க."

"அதைப் பியூனுக்கு எழுதிட்டேனே அக்கா," என்றேன். பத்தாவது குறிப்பு அது.

"அவருக்கு எந்தப் பக்கம் தள்ளணும்னு தெரியாதே."

அது உண்மைதான். தப்பாகத் தள்ளினால் பழைய கீல் உடைந்துவிடும், அது மாதிரிக் கீல் இப்போது கிடைக்காது. அதனால், போவதற்கு முன் அவருக்குக் காட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.

பியூனைக் கூட்டிக்கொண்டு அவள் தாழ்வாரக் கூரைக்கு ஏறினாள். நானும் நோட்டுடன் போனேன். கீழ்விளிம்பில் உள்ளங்கையை வைத்து, சற்றுத் தூக்கி, பிறகு தள்ள வேண்டும். எட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் எழுதிக்கொண்டேன். கடைசியை அவரே திறந்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தாண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.