அம்மருட்டில் இரண்டு ஊர்வலம், ஒரு சனல்

1. பொக்ஸுக்குள் பாஸ்ரர்

ரெஜினா அக்கா செபமாலை சொல்லிக்கொண்டிருந்த என் ஸ்பீக்கர் பொக்ஸிலிருந்து திடீரென்று ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்ரரின் குரல் வந்தபோது, நான் முதலில் செய்த வேலை என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்ததுதான். பைக்குள் ஒன்றும் இல்லை. வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், அம்பி என்கிற அம்ப்ளிபயரை நிறுத்தியிருக்க வேண்டும். நான் பையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஒஸ்லோவில் இருபது வருடத்துக்கு மேல் சவுண்ட் செற் போட்டவன் நான். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று ஒன்றையும் விட்டதில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், நான் செய்ததில் ஆகப் பெரிய பிழை எது என்று கேட்கிறார்கள். கேட்டபடியால் எழுதுகிறேன். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் போய் உங்கள் றிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனம் ஓகஸ்ட் மாதத்தில் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது வழக்கம். பெந்தெகொஸ்தே சபையும் அதே சனிக்கிழமையில் பதாகை பிடித்துக்கொண்டு சுவிசேஷ ஊர்வலம் போகத் தொடங்கியது. நாளை மாற்ற இரண்டு பகுதியும் சம்மதிக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டிலும் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். சபைக்குப் போனவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கராகப் பிறந்து செபமாலை சொல்லி வளர்ந்தவர்கள். இவர்கள் அவர்களை அல்லேலூயாக்காரர் என்றார்கள், அவர்கள் இவர்களைச் சிலை வணங்கிகள் என்றார்கள். நான் சைவக்காரன், இரண்டு பெயரையும் கேட்டுத் தலையாட்டுவேன். முந்திய வருடம் சிலை வணக்கம் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரம் கைமாறி, அதனால் ஒரு குடை முறிந்து, பிறகு ஒரு பதாகைக் கம்பும் முறிந்து, கடைசியில் போலிஸ் வந்தது.

இந்த முறை போலிஸ் முன்கூட்டியே இரண்டு பகுதியையும் கூப்பிட்டுக் கதைத்தது. சுரூபம் மேல் பாதையால் போகலாம், சபை கீழ் றோட்டால் போகலாம், நடுவில் மாடிக் கட்டடங்கள் இருக்கும். ஒரு சண்டை வந்தாலும் அடுத்த வருடம் ஒருவருக்கும் றோட்டு இல்லை. பொறுப்பாக வந்த போலிஸ்காரி, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஊர்வலம் வைத்து அடிபடுவது அயர்லாந்தில் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தாவாம். அது தமிழிலும் நடக்கும் என்று அவவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2. பொய் சொல்லாமல் ஏய்த்தது

மாதா ஊர்வலத்தை நடத்துபவர் ரெஜினா அக்கா. ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. எதிர்ப்பக்கத்துப் பாஸ்ரர் ஜெயசீலன் அவவுடைய கூடப்பிறந்த தம்பி. ஆறு வருடத்துக்கு முன் தம்பி சபையில் சேர்ந்த கையோடு, தன் வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு பேருக்கும் டெலிபோன் நம்பர் மனப்பாடம். ஆனால் எடுப்பதற்கு இரண்டு பேருக்கும் ரோசம் விடவில்லை.

செற்றுக்கு என்னைப் பிடிக்கும்போது அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி சிவம், அங்காலைப் பகுதிக்கும் நீரோ செற் போடுறீர்?"

"என்னக்கா, ஒரே நேரத்திலை ஒரு ஆள் ரெண்டு இடத்திலை நிக்கேலுமோ?"

பாஸ்ரரும் இதையே கேட்டார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். பொய் இல்லை. அங்கே நிற்கப் போவது நான் இல்லை, என் மனைவியின் தம்பி குகன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையை மூடும்போது ஒரே மாதிரியான இரண்டு கோட்லஸ் மைக் செற் மலிவாக எடுத்திருந்தேன். றிசீவரின் பின்னால் சனல் மாற்றும் சின்னச் சுவிச் ஒன்று இருந்தது. இரண்டும் கடையில் வந்தபடியே ஒன்றாம் சனலில் கிடந்தன. குகன் இதை மாற்றவேண்டாமா என்று கேட்டான். நகரத்தின் தென்கோடியில் பியோர்ண்டாலில் ஒன்று, வடக்கே அம்மருட்டில் ஒன்று என்று இதுவரை போட்டதில் ஒரு கரைச்சலும் வரவில்லையே, சும்மா கிடக்கட்டும் என்றேன். இது முதல் பிழை.

இரண்டாவது பிழை நல்லெண்ணத்தில் செய்தது. பற்றரி மிச்சம் பிடிக்க, நீங்கள் கதைக்காத நேரத்தில் மைக்கை மூடிவிடுங்கள் என்று அக்காவுக்கும் பாஸ்ரருக்கும் வடிவாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் தன் மைக்கை மூடினால் அவருடைய றிசீவர் சும்மா இருக்காது, அதே சனலில் பக்கத்தில் யார் கதைத்தாலும் இழுத்துப் போடும். தொழில்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இது.

3. தொப்பி

அன்று காலை பெய்த மழை நேரத்துக்கு விட்டது. பொக்ஸையும் அம்பியையும் எங்கள் மகளின் பழைய பிள்ளை வண்டிலில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் ஒரு நோர்வேஜியக் கிழவி குனிந்து பிள்ளையைப் பார்க்க வந்து, கறுப்புப் பொக்ஸைப் பார்த்துவிட்டு, முகம் மாறாமல் வடிவான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனா. எனக்கு அப்போதே சிரிப்புப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்தச் சிரிப்பின் மேல்தான் வந்தது.

அக்கா "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி முதல் பாதியைச் சொல்லுவா, மைக்கை மூடுவா, சனம் மற்றப் பாதியைச் சொல்லும். கட்டடங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், கீழ் றோட்டில் சபையின் பதாகைகள் தெரிந்தன. நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. அக்கா மைக்கை மூடினா. சனம் மறுமொழி சொல்லி முடித்து மூச்சு எடுத்த இடைவெளியில் என் பிள்ளை வண்டில் வாயைத் திறந்தது.

"ஆண்டவரே, இந்தச் சனத்தின்ரை கண்ணைத் திறவும்."

செபம் சொல்லிவந்த வேகத்தில் எங்கள் சனம் முழுவதும் "ஆமென்" என்றது. சுரூபம் தூக்கியவர்கள் மற்றவர்களைவிடப் பலமாகச் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் ஆளையாள் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அடித்தது. குகன்.

"அத்தான், எங்கடை பொக்ஸ் செபமாலை சொல்லுது. இஞ்சை பாதிச்சனம் பழக்கத்திலை மறுமொழியும் சொல்லிப்போட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேணுமென்றுதான் செய்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் கத்தினார். கீழேயிருந்து நாலைந்து பெடியள் புல்வெளியில் ஏறத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் சுரூபத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை மடித்தார்கள். போலிஸ்காரி தோளிலிருந்த றேடியோவில் கை வைத்தா. இன்னும் முப்பது அடி நெருங்கினால் இரண்டு பகுதிக்கும் றோட்டு இல்லை. சண்டைக்குக் காரணம் என் செற் என்று தெரிந்தால், ஒஸ்லோவில் ஒருவரும் என்னைச் செத்தவீட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

பாஸ்ரருக்கு மேலே நடப்பது தெரியாது. ஆர் எங்கடை ஊர்வலத்தைக் குழப்புறது என்று கத்தினார். அது எங்கள் பொக்ஸில் வந்தது. குரல் பாதியில் அடைத்தது, பிறகு இருமல் வந்தது. நெஞ்சைப் பிடுங்கும் நீண்ட இருமல். அவ்வளவையும் என் பொக்ஸ் ஒன்றும் விடாமல் சத்தமாகப் போட்டது. பிறகு அவர் மைக்கை மூடினார், பொக்ஸ் அடங்கியது.

ரெஜினா அக்கா வண்டிலைப் பார்த்தா. அவவின் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மைக்கைத் திறந்தா.

"சீலன், நெஞ்சிலை சளி வைச்சுக்கொண்டு இந்த ஈரத்துக்கை ஏன் கத்துறாய்? தொப்பி எங்கை?"

கேட்டுவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி மைக்கை மூடினா. அந்தக் கேள்வி கீழே சபை முழுவதற்கும் முன்னால் பாஸ்ரரின் சொந்தப் பொக்ஸிலிருந்து கேட்டது. புல்வெளியில் ஏறிய பெடியள் நின்றுவிட்டார்கள். பிறகு பிள்ளை வண்டிலுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

"காருக்கை கிடக்குதக்கா."

ஐம்பது வயது பாஸ்ரர். முதலில் சிரித்தது கீழேயா மேலேயா என்று இன்றைக்கும் வாக்குவாதம் இருக்கிறது. சுரூபத்தை இறக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, தோளில் இருந்திருந்தால் மாதா விழுந்திருப்பா. நான் வண்டில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன். போலிஸ்காரி ஓடிவந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டா. தம்பியைத் தொப்பி போடச் சொல்லுறா என்று மொழிபெயர்த்தேன். இது அவமதிப்பா என்று கேட்டா. இல்லை, கேட்கிறது அவருடைய அக்கா என்றேன். அவவுக்கும் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும், குறிப்பெழுதும் கொப்பியை மூடிக்கொண்டு சிரித்தா.

ஒருவரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. சுரூபம் மேலால் போனது, சபை கீழால் போனது. அக்கா மட்டும் செபமாலையை இரண்டு தரம் எண்ணிக்கை தவறிச் சொன்னா.

4. திருத்தம்

அடுத்த கிழமையே இரண்டு பேரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். சனலைவிட, ஏய்த்ததற்குத்தான் நல்ல ஏச்சு வாங்கினேன். வாங்கவேண்டியதுதான். போலிஸ் அடுத்த வருடமும் இரண்டு பகுதிக்கும் றோட்டுக் கொடுத்தது.

இரண்டு பேரும் திரும்ப என்னைத்தான் பிடித்தார்கள். இம்முறை மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்றை நாலாம் சனலிலும் மற்றதை ஏழாம் சனலிலும் போட்டு, வீட்டில் அறைக்கு அறை நடந்து சோதித்துவிட்டு, ரெஜினா அக்காவுக்குப் பெருமையாக டெலிபோன் எடுத்தேன்.

"அக்கா, இந்த முறை பயப்பிடாதேங்கோ. வேறை ஒருத்தற்றை குரலும் உங்கடை பொக்ஸுக்கை வராது."

அக்கா திரும்பக் கேட்டா.

"ஒருத்தரும் வரேலாதோ?"

"வரேலாதக்கா."

"அப்ப தம்பி, போன வருசம் இருந்த மாதிரியே விடும்."

இருபது வருடத்தில் நான் படித்தது இதுதான். வாடிக்கைக்காரரைக் கேட்காமல் ஒன்றையும் திருத்தாதீர்கள். இரண்டையும் ஒன்றாம் சனலுக்கு மாற்றிவிட்டு, புதுப் பற்றரியும் போட்டுக் கொடுத்தேன்.