தலைவர் ஊடாக

எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தலைமைக் கந்தோர், ஊர்களில் கிளைகள். தலைமைக் கந்தோரில் தபாலுக்குப் பொறுப்பு நான். வருகிற கடிதத்தைப் பதிந்து, எந்தக் கிளைக்கு உரியதென்று பிரித்து, பதிலைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். என் மருமகன் இப்போது வெளிநாட்டில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பார்க்கிறான். ஒவ்வொரு கிளைக்கும் தனி முகவரியாம், எந்த முகவரியிலிருந்து எது வெளியே போகலாம் என்பதற்கு ஆயிரம் கட்டுப்பாடாம். தொலைபேசியில் புலம்புவான். "நீர் கதையும் தம்பி, எனக்கு எல்லாம் விளங்குது" என்பேன்.

எங்கள் கட்டுப்பாடு ஒன்றேதான். எந்தக் கிளையும் இன்னொரு கிளைக்கு நேரே எழுதக்கூடாது. கடிதத்தின் தலையில் ‘தலைவர் ஊடாக’ என்று போட்டுப் பட்டினத்துக்கு அனுப்ப வேண்டும். தலைவர் பச்சை மையால் ஒப்பமிட்ட பிறகுதான் அது மற்றக் கிளைக்குப் போகும். புத்தூரில் இருப்பவர் சைக்கிளில் ஏறினால் வேர்வை காய முதல் இணுவிலுக்குப் போய்விடலாம். அவருடைய கடிதமோ பட்டினத்துக்கு வந்து, என் மேசையில் படுத்தெழும்பித்தான் போக வேண்டும். தலைவர் தெருவேலை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர், நேர்மையான மனிதர். ஆனால் தன் கண்ணில் படாமல் ஒரு காகிதம் போனால் அவருக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம் அது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் பழுதானால் உதிரிப்பாகம் தேடி நாய் படாத பாடு படவேண்டும்.

ஒருநாள் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. புத்தூர்க் கிளை எழுதியிருந்தது: எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மெசின் உடைந்துவிட்டது, வெங்காயம் திரளுகிற நேரம், எந்தக் கிளையிலாவது மெசின் உண்டா? இணுவில் கிளை எழுதியிருந்தது: எங்கள் மெசின் சும்மா கிடக்கிறது, என்ன செய்வது? எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தலைவரிடம் நீட்டினேன்.

"இது கோரிக்கை. அது அறிக்கை. ரெண்டும் வேறை ஃபைல்" என்றார்.

"ஐயா, கேக்கிறதும் இருக்கிறதும் ஒண்டுதானே?"

"அப்பிடியெண்டு நீர் முடிவெடுக்கேலாது. எல்லாக் கிளைக்கும் சுற்றறிக்கை அனுப்பும், ஆரிட்டை மெசின் இருக்கெண்டு கேட்டு."

இணுவிலுக்குமா என்று கேட்டேன். எல்லாக் கிளைக்கும் என்றார். தங்களிடம் மெசின் இருக்கிறதென்று எழுதிய கிளைக்கே, மெசின் இருக்கிறதா என்று கேட்டுத் தட்டச்சு செய்தேன். பல்லைக் கடித்த கடியில் தாடை நொந்தது.

இரண்டு நாளில், மெசின் உடைந்த அந்தப் புத்தூர்க்காரர் கந்தோருக்கே வந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் கொப்பளம். மனைவியும் தானும் கையால் அள்ளி இறைக்கிறார்களாம். பாதிப் பாத்திக்குத்தான் எட்டுகிறது, மற்றப் பாதி நுனி கருகத் தொடங்கிவிட்டது. அந்த வெங்காயத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அந்த வருடம் உலை வைக்கவேண்டும்.

"என்ன தம்பி, என்ரை காகிதம் எங்கை நிக்குது?"

"சுற்றறிக்கை போயிருக்கு அண்ணை."

"நல்லது. ஆனா வெங்காயத்துக்கு வாசிக்கத் தெரியாது, தம்பி."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு இணுவிலுக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே கிளைச் செயலாளர் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். மெசின் அவருடைய கொட்டிலில் சாக்கால் மூடிக் கிடந்தது.

"மாஸ்டர், இந்த மெசினைக் குடுத்துவிடுங்கோவன். ஒரு மனுசன் கருகிற தோட்டத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"ஐயோ, போனமுறை மருந்தடிக்கிற மெசினை வாய்ப்பேச்சிலை குடுத்துப்போட்டு நான் பட்ட பாடு! மெசின் குடுக்க ஒரு நிமிசம், விளக்கம் எழுத ஒரு மாசம். தலைவர் ஊடாகக் காகிதம் வரட்டும்."

"இணுவில் அங்கத்தவர் ஆரேன் வந்து கேட்டால்?"

"அவையளுக்கு என்ன, எங்கடை கிளைக்குள்ளை நானே குடுக்கலாம்."

திரும்பி வந்து இதைச் சொன்னதும் புத்தூர்க்காரர் எழுந்து சால்வையை உதறினார். "இதை முதலே சொல்லக்கூடாதே? என்ரை சகலன் இணுவிலிலை தானே!"

அடுத்த நாள் காலை, மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தச் சகலன் கையெழுத்து வைத்து மெசினை எடுத்து, சைக்கிள் கரியரில் கட்டிப் புத்தூருக்குக் கொண்டுபோனார். பின்னேரமே எல்லாப் பாத்தியிலும் தண்ணீர்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சனம் மரியாதை தெரிந்த சனம். புத்தூர்க் கிளை தலைவருக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டது! "தங்கள் பெருமுயற்சியால் எமது அங்கத்தவருக்கு மெசின் கிடைத்தது" என்று. அதே தபால் கட்டில் சுற்றறிக்கைக்கு இணுவிலின் பதிலும் வந்தது: "மெசின் எமது அங்கத்தவருக்கு வழங்கப்பட்டுள்ளது." தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவருக்கு அவை ஒரே ஃபைலாகத் தெரிந்தன.

"மெசின் உடனை இணுவிலுக்குத் திரும்பவேணும். பிறகு முறைப்படி புத்தூருக்குப் போகலாம்."

"ஐயா, இன்னும் ரெண்டு மூண்டு இறைப்புக் கிடக்கு. இப்ப எடுத்தால் அவ்வளவும் போச்சு."

"முறை முறைதான்."

தட்டச்சுப் பொறியில் காகிதத்தைச் செருகிவிட்டுக் கேட்டேன்: "புத்தூருக்கு நேரை எழுதட்டே, ஐயா?"

"என்ன கதை கதைக்கிறீர்? எடுத்தது இணுவில் அங்கத்தவர். இணுவில் ஊடாகத்தான் எழுதவேணும்."

"ஓம் ஐயா" என்றேன். இவ்வளவு சந்தோசமாக நான் அந்தக் கந்தோரில் ஓம் போட்டதில்லை.

கடிதம் இணுவிலுக்குப் போனது. மாஸ்டர், அங்கத்தவரிடமிருந்து மெசினைத் திருப்பிக் கேட்க விதியில் இடமுண்டா என்று தலைவர் ஊடாக விளக்கம் கேட்டார். விளக்கம் போனது. சகலன், தான் எடுத்தது எத்தனை நாளைக்கு என்று கிளை ஊடாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் நான் பதிந்தேன், பிரித்தேன், ஒப்பத்துக்கு வைத்தேன், ஒன்றையும் பிந்தவிடவில்லை. மெசினைத் திருப்பும்படி கட்டளை புத்தூர் போய்ச் சேர்ந்தபோது வெங்காயத்தைக் கிண்டி, பிடி பிடியாகக் கட்டி, காயத் தூக்கியாகிவிட்டது.

பொதுக்கூட்டத்தில் தலைவர் எழுந்து, கிளைகளுக்கிடையே ஒழுங்கான தொடர்பு இருந்தபடியால் ஒரு தோட்டம் காப்பாற்றப்பட்டதென்று பேசினார். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து புத்தூர்க்காரர் எழுந்தார்.

"ஓம் ஐயா, உண்மைதான். உங்கடை காகிதம் பிந்தி வந்தபடியால்தான் தப்பினது."

சபை குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை தலைவர் பொறுத்திருந்து, இனிமேல் ஒரு கிளை தன் அங்கத்தவருக்கு மெசின் கொடுப்பதென்றாலும் தலைவர் ஊடாகவே கொடுக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சிரித்தவர்கள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். மாஸ்டர்தான் முதலில் உயர்த்தியவர். இனி அவர் ஒன்றுக்கும் விளக்கம் எழுதத் தேவையில்லை. அடுத்த நாள் அந்தத் தீர்மானத்தை எல்லாக் கிளைக்கும் தட்டச்சு செய்து அனுப்பியது நான்.